கழுவினாலும் போகாத சிவப்பு

நுணுக்குக்காட்டிக்குக் கீழே பக்டீரியாவுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. செத்த ஆட்டின் குடலில் மெல்லிய ஒரு சீவல் எடுத்து, அப்படியே கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் குடலும் சரியாகத் தெரியாது, கிருமியும் தெரியாது. எல்லாம் வெளுத்த கஞ்சி மாதிரி இருக்கும். சாயம் போட்ட பிறகுதான் இது இழையம், இது கிருமி என்று பிரியும். உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்கள் கிராம் சாயத்தைப் படித்திருப்பீர்கள். ஊதா நின்றால் கிராம் நேர், கழுவிப் போனால் கிராம் எதிர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்தச் சாயங்கள் எங்கே இருந்து வந்தன, யாருடைய நோயைப் பார்க்க வந்தன, எந்தச் சாயம் எதைக் காட்டாமல் விட்டுவிடும் என்றெல்லாம் வகுப்பில் யாரும் பேசுவதில்லை. செம்மறி ஆட்டின் இரண்டு நோய்களை வைத்து அதைப் பேசிப் பார்க்கலாம்.

நம்ம பக்கம் செம்மறி எங்கே இருக்கு என்று கேட்பீர்கள். உண்மைதான். கொஸ்லந்த, அப்புத்தளை லயங்களில் ஆடு என்றால் வெள்ளாடு. இலங்கையில் செம்மறி பெரும்பாலும் வடக்கிலும் மற்ற வரண்ட பிரதேசங்களிலும்தான். ஆனால் நம்ம பூட்டன் பூட்டிமார் வந்த இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் திருச்சியும் சேலமும் செம்மறிக் கிடை போட்ட சீமைகள். அதோடு, இங்கே சொல்லப்போகும் இரண்டு நோய்களும் செம்மறி, வெள்ளாடு, மாடு என்று பார்த்து வருவதில்லை. மூன்றுக்கும் வரும்.

கொயினாவைத் தேடிப் போய்க் கிடைத்த ஊதா

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் வீட்டிலேயே ஒரு சின்ன ஆய்வுகூடம் வைத்துக்கொண்டு, நிலக்கரித் தாரிலிருந்து கொயினா மருந்தைச் செய்ய முயன்றான். மலேரியாவுக்கு அப்போது அது ஒன்றுதான் மருந்து. சிங்கோனா மரப்பட்டையில் இருந்துதான் அதை எடுக்க வேண்டும். பெர்கினுக்குக் கொயினா கிடைக்கவில்லை. பாத்திரத்தின் அடியில் ஒரு கறுப்புக் கசடுதான் மிஞ்சியது. அதை மதுசாரத்தில் கரைத்தபோது அழகான ஊதா வந்தது. துணிக்கு ஏறியது, துவைத்தாலும் போகவில்லை. உலகத்தின் முதல் செயற்கைச் சாயத் தொழில் அங்கே தொடங்கியது. சில வருஷத்திற்குள் சிவப்பு ஃபுக்சின் வந்தது. 1876இல் ஜேர்மனியில் ஹைன்ரிக் காரோ மெத்திலீன் நீலத்தைச் செய்தார். துணிக்கடைக்காகச் செய்த இந்த நிறங்கள்தான் அடுத்த பத்து வருஷத்தில் கிருமியைத் தேடுகிறவர்கள் கைக்குப் போயின.

செயற்கைக் கொயினா கிடைக்காததால் மரத்தை நடுகிற வேலை தொடர்ந்தது. அந்த மரம் நம்ம மலைக்கும் வந்தது. 1861இல் நுவரெலியாவில் இருந்து வெலிமடை போகும் பாதையில் இருக்கும் ஹக்கலைத் தோட்டத்தைத் தொடங்கியதே சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பி செத்த பிறகு கொஞ்ச காலம் மலைநாட்டுத் துரைமார் சிங்கோனாவை நம்பினார்கள். பட்டை அளவுக்கு மேல் சந்தைக்கு வந்ததும் விலை சரிந்தது, தேயிலை இடத்தைப் பிடித்தது.

கோப்பி செத்த கதையும் இதோடு சேர்ந்தது. கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடியாய் வந்த அந்தப் பூஞ்சணம் இலங்கையில் முதலில் கவனத்துக்கு வந்தது 1869இல், நம்ம மடுல்சீமையில். இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே பார்க்லி என்ற பூஞ்சண அறிஞர் அதே வருஷம் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசாங்கமே இலங்கைக்கு அழைத்து, இரண்டு வருஷம் அந்த இலையை நுணுக்குக்காட்டியில் பார்க்க வைத்தது. ஊவாவின் மலையிலிருந்து ஒரு இலை நோய்ப்பட்டதற்கு ஒரு பேரரசே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தது. இலைக்குப் பின்னால் பணம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆட்டுக்கு வருவோம்.

அடைப்பான்: ஒரு நாளைக்குள் பார்க்க வேண்டிய நோய்

இராத்திரி நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த, உறையாத இரத்தம் வடிந்திருக்கும். வயிறு சீக்கிரம் ஊதிவிடும். தமிழ்நாட்டில் இதை அடைப்பான் என்பார்கள், ஆங்கிலப் பெயர் அந்த்ராக்ஸ். ஒரு குறிப்பிட்ட கிருமிதான் ஒரு குறிப்பிட்ட நோயைத் தருகிறது என்று ரொபர்ட் கொக் 1876இல் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியது இந்த நோயில்தான். 1881இல் பிரான்சில் பூயி லெ ஃபோர் என்ற கிராமத்தில் லூயி பாஸ்டர் செம்மறிகளுக்கு ஊரறியத் தடுப்பூசி போட்டுக் காட்டியதும் இதற்குத்தான். ஊசி போட்ட ஆடுகள் நின்றன, போடாத செம்மறிகள் செத்தன.

ஏன் செம்மறி? ஐரோப்பாவில் செம்மறி என்றால் கம்பளி, கம்பளி என்றால் ஆலை. அந்த ஆலைகளில் மனிதரும் செத்தார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டு மயிரையும் கம்பளியையும் தரம் பிரித்த தொழிலாளர்கள் திடீரென்று மூச்சு முட்டி ஓரிரு நாளில் இறந்தார்கள். கம்பளி பிரிப்போர் நோய் என்றுதான் அதற்குப் பெயர். 1880 வாக்கில் ஜோன் ஹென்றி பெல் என்ற உள்ளூர் வைத்தியர் அது அடைப்பான்தான் என்று காட்டினார். ஆட்டின் நோய் தொழிலாளியின் நோயாகவும் இருந்தது.

சரி, செத்த ஆடு அடைப்பானால்தான் செத்தது என்று எப்படி உறுதி செய்வது? கிராம் சாயம் போடலாம். அடைப்பான் கிருமி தடித்த கோல், ஊதாவாக நிற்கும். ஆனால் பிணம் அழுகும்போது குடலில் இருந்து இரத்தத்துக்குள் புகுகிற வேறு கோல் கிருமிகளும் உண்டு. அவற்றில் பலவும் ஊதாவாகத்தான் நிற்கும். இரண்டையும் பிரிக்க கிராம் போதாது.

1903இல் லண்டன் மிருக வைத்தியக் கல்லூரியின் ஜோன் மக்ஃபேடியன் ஒரு வழி சொன்னார். காதோரத்து நாளத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் மெல்லியதாய் இழுத்து, காயவைத்து, நாள்பட்டு முதிர்ந்த மெத்திலீன் நீலத்தைப் போட வேண்டும். அடைப்பான் கிருமி நீலக் கோலாகத் தெரியும், அதைச் சுற்றியுள்ள உறை மட்டும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரியும். அழுகலில் வந்த மற்றக் கோல்களுக்கு அந்த உறை கிடையாது. ஒரே சாயம், இரண்டு நிறம். இன்றைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அடைப்பான் கைநூலில் இந்த முறைக்கு இடம் உண்டு.

இதற்கு மூன்று நிபந்தனை. முதலாவது, நேரம். பிணம் அழுகத் தொடங்கினால் உறையும் கிருமியும் அழிந்துபோகும். ஆடு செத்து ஒரு நாள் தாண்டினாலே முடிவில் சந்தேகம் வந்துவிடும். இரண்டாவது, பிணத்தைக் கிழிக்கக் கூடாது. காற்றுப்பட்டால் கிருமி வித்தியாக மாறி, மண்ணில் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். ஆகவே இங்கே இழையத் துண்டு எடுக்கிற பேச்சே இல்லை, ஒரு சொட்டு இரத்தம்தான். மூன்றாவது, சாயத்தின் தரம். மெத்திலீன் நீலம் தானாக முதிர மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷம் ஆகும். முதிரும்போது அதற்குள் அசூர் பி என்ற சாயம் உண்டாகிறது, உறைக்கு நிறம் கொடுப்பது அதுதான். நல்ல முதிர்ந்த சாயம் கடையில் கிடைப்பது கஷ்டமானதால், அண்மைக் காலத்தில் அசூர் பியையே நேரடியாக வாங்கிப் போடுகிற முறை வந்திருக்கிறது. மலேரியா பார்க்க இரத்தப் படலத்தில் போடுகிற ஜீம்சா சாயமும் இதே குடும்பம்தான்.

மெழுகுச் சட்டை போட்ட கிருமி

இரண்டாவது நோய் இதற்கு நேர்மாறு. இது மெதுவாகக் கொல்லும். குட்டியில் தொற்றி, இரண்டு மூன்று வயதில் வெளியே தெரியும். மாட்டுக்கு விடாத கழிச்சல் வரும். செம்மறிக்குப் பல சமயம் கழிச்சல்கூட இருக்காது. நன்றாகத் தின்னும், ஆனாலும் மெலிந்துகொண்டே போகும். கம்பளி உதிரும். கடைசியில் எலும்பும் தோலுமாய் விழும். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்து, பட்டினி என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் ஜோன்ஸ் நோய்.

இதைக் காட்டிய சாயத்தின் கதை காசநோயில் தொடங்குகிறது. 1882 மார்ச் 24ஆம் திகதி பெர்லினில் கொக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அந்தக் கிருமிக்கு வெளியே மெழுகு போன்ற கொழுப்புச் சுவர் இருப்பதால் சாயம் லேசில் ஏறாது. கொக் மெத்திலீன் நீலத்தில் மணிக்கணக்காக ஊறப்போட்டார். அதே வருஷம் போல் ஏர்லிக் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: கஷ்டப்பட்டு ஏறிய சாயம், அமிலம் ஊற்றிக் கழுவினாலும் போவதில்லை. பிறகு ஃபிரான்ஸ் சீல் காபோலிக் அமிலத்தைச் சேர்த்தார், ஃபிரீட்ரிக் நீல்சன் சிவப்பு ஃபுக்சினைக் கொண்டுவந்தார். சீல்-நீல்சன் முறை என்று இன்றைக்கும் சளிப் பரிசோதனையில் பாவிக்கிறோமே, அது இப்படி நாலு பேர் கை மாறி வந்தது. ஆவி வரும்வரை சூடாக்கிச் சிவப்பை ஏற்று. அமிலம் கலந்த மதுசாரத்தால் கழுவு. இழையமும் மற்றக் கிருமிகளும் சிவப்பை விட்டுவிடும். மெழுகுச் சட்டை போட்டது மட்டும் விடாது. பின்னணிக்கு மெத்திலீன் நீலம் போட்டால், நீல வயலில் சிவப்புக் கோல்கள் தனியாகத் தெரியும்.

1895இல் டிரெஸ்டன் மிருக வைத்தியக் கல்லூரியில் ஆல்பர்ட் ஜோனவும், அமெரிக்காவில் இருந்து வந்திருந்த லாங்டன் ஃபுரோதிங்காமும் ஒரு பசுவின் குடலை இப்படிச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். மெலிந்து செத்த பசு அது. குடல் தடித்துச் சுருங்கியிருந்தது, உள்ளே கூட்டம் கூட்டமாய்ச் சிவப்புக் கோல்கள். பறவைக் காசநோய்க் கிருமி மாட்டுக்கு வந்திருக்கலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். அது தனி நோய் என்று பின்னால்தான் தெளிவானது. அதற்கு ஜோன்ஸ் நோய் என்று பெயர் வைத்ததும் அடைப்பானுக்கு வழி சொன்ன அதே மக்ஃபேடியன்தான். 1912இல் ட்வோர்ட்டும் இங்கிரமும் வளர்க்கும் முறையை வெளியிடும்வரை, இந்தக் கிருமியை மனிதர் அறிந்தது பெரும்பாலும் அந்தச் சிவப்பு நிறத்தால் மட்டும்தான்.

காணப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

ஆனால் செம்மறியில் ஒரு சிக்கல். ஜோன்ஸ் நோய் அதன் குடலில் இரண்டு முகத்தோடு வரும். ஒன்றில் கிருமி நிறைந்து வழியும். சீல்-நீல்சன் போட்டால் கண்ணாடி முழுக்கச் சிவப்பு, புதிதாகப் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். மற்றதில் ஆடு அதே அளவுக்கு மெலிந்திருக்கும், குடலும் கெட்டிருக்கும், ஆனால் கிருமி மிகச் சில. உடம்பின் எதிர்ப்பு அவற்றைத் தின்றுவிட்டிருக்கும், அந்த எதிர்ப்பே குடலையும் கெடுத்திருக்கும். தொழுநோயிலும் இதே மாதிரி கிருமி மலிந்த வகை, கிருமி அரிதான வகை என்று இரண்டு உண்டு. இரண்டாவது வகை ஆட்டின் குடலைச் சீல்-நீல்சன் போட்டு மணிக்கணக்கில் தேடினாலும் ஒரு சிவப்புக் கோல்கூடக் கண்ணில் படாமல் போகலாம். அறிக்கையில் 'அமிலம் தாங்கும் கிருமி காணப்படவில்லை' என்று எழுதுவார்கள். வாசிக்கிறவர் 'நோய் இல்லை' என்று எடுத்துக்கொள்வார்.

ஆகவே நோயியலாளர் ஒரு சாயத்தோடு நிற்பதில்லை. முதலில் ஹெமடொக்சிலினும் இயோசினும் போடுவார். ஹெமடொக்சிலின் மெக்சிகோப் பக்கத்து ஒரு மரத்தின் வைரத்தில் இருந்து வருவது, இதுவும் பழைய துணிச்சாயம்தான். அது கிருமியைக் காட்டாது. கிருமி வந்துபோன தடத்தைக் காட்டும்: எங்கே வெள்ளணுக்கள் குவிந்திருக்கின்றன, குடலின் மடிப்பு எப்படித் தடித்திருக்கிறது என்று. பிறகு சீல்-நீல்சன். அதிலும் வராவிட்டால், வசதியுள்ள இடத்தில் பிறபொருளெதிரியை வைத்துத் தேடுவார்கள். கிருமியின் புரதத்தோடு மட்டும் ஒட்டுகிற பிறபொருளெதிரியைச் சீவலில் ஊற்றி, அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வரும்படி செய்வது. முழுக் கோல் இல்லாமல் உடைந்த துண்டு கிடந்தாலும் நிறம் வரும் என்பதால், கிருமி அரிதான ஆட்டில் சீல்-நீல்சன் தவறவிட்டதை இது பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் விலை கூட, குளிரில் வைக்க வேண்டும், உறவுக்காரக் கிருமிகளோடும் சில பிறபொருளெதிரிகள் ஒட்டிவிடும். ஒட்டுவது எதனோடு என்று சரிபார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

எது சிறந்த சாயம் என்று கேட்டால் பதில் இல்லை. கிராம் சாயத்தையே எடுங்கள். டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் பெர்லினில் அதைச் செய்தது கிருமிகளை இரண்டு சாதியாகப் பிரிக்க இல்லை. நியூமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் சீவலில், இழையம் நிறமிழந்து கிருமி மட்டும் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். சில கிருமிகள் நிறத்தை இழப்பதை அவர் தன் முறையின் குறையாகவே கருதினார். அந்தக் 'குறை'தான் இன்றைக்கு நாம் மனப்பாடம் செய்கிற கிராம் நேர், கிராம் எதிர். ஒவ்வொரு சாயமும் ஒரு கேள்வி. மெழுகுச் சுவர் இருக்கா என்று சீல்-நீல்சன் கேட்கும். உறை இருக்கா என்று மக்ஃபேடியன் கேட்பார். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் கண்ணாடி பதில் சொல்லும்.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி: துண்டை எங்கே இருந்து வெட்டினாய்? ஒரு சீவலின் தடிப்பு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு. பல மீற்றர் நீளக் குடலில் அவ்வளவுதான் பார்க்கிறோம். சிறுகுடலின் கடைசிப் பகுதி, அது பெருங்குடலோடு சேருமிடம், பக்கத்து நிணநீர்க் கணு என்று பல இடத்தில் எடுக்காவிட்டால், எவ்வளவு விலைகூடின சாயமும் உதவாது.

யாருடைய ஆட்டைப் பார்ப்பார்கள்

இந்தியாவில் இந்த அறிவு எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். 1889இல் பூனாவில் பேரரசின் நுண்ணுயிர் ஆய்வுகூடம் தொடங்கி, 1893இல் இமயமலையின் முக்தேசருக்குப் போனது. 1897இல் கொக்கே அங்கே வந்து பார்த்தார். மாட்டு வெக்கை போன்ற கொள்ளை நோய்கள்தான் காரணம். உழவும் வண்டியும் இராணுவமும் மாட்டை நம்பி இருந்தன. 1903இல் மதராஸ் மிருக வைத்தியக் கல்லூரி வந்தது. 1932இல் இராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிலையம் வந்தது. 1930களில் தென்னாபிரிக்காவில் மக்ஸ் ஸ்டேர்ன் கண்டுபிடித்த உறையில்லாத அடைப்பான் வித்தித் தடுப்பூசி வகையே இன்று உலகெங்கும் கால்நடைக்குப் போடப்படுகிறது. மக்ஃபேடியன் எந்த உறையைப் பார்த்து நோயை உறுதிசெய்தாரோ, அந்த உறையை இழந்த கிருமிதான் மருந்தாகியிருக்கிறது. ஜோன்ஸ் நோய்க்கு மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம், ஜமுனாபாரி ஆட்டில் கிடைத்த உள்ளூர்க் கிருமியை வைத்தே தடுப்பூசி செய்தது.

இவ்வளவு இருந்தும் தமிழ்நாட்டில் அடைப்பான் முற்றாகப் போகவில்லை. வேலூர் சி.எம்.சி மருத்துவமனை தன் சுற்றுவட்டார நோயாளிகளைப் பற்றிப் பல வருஷமாக எழுதியிருக்கிறது. செத்த ஆட்டை அறுத்துப் பங்கு போட்டவர்கள், தோல் உரித்தவர்கள், கறி தின்றவர்கள் என்று இந்த நோய் ஏழை வீட்டுக்குத்தான் முதலில் போகிறது. ஆட்டைப் புதைத்தால் முழுப் பணமும் மண்ணோடு போகும், அறுத்தால் பாதியாவது வரும் என்கிற கணக்கு அது. அந்தக் கணக்கை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

நம்ம லயத்து ஆட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒரு வெள்ளாடு என்பது பிள்ளையின் பாடசாலைச் செலவு, அவசரத்துக்கு விற்கிற சொத்து, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அது செத்தால் காரணம் தேடிப் போவது யார்? நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது, மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் அதன் பக்கத்தில் கன்னொருவையில். கொஸ்லந்தயில் இருந்து அங்கே ஒரு துண்டுக் குடல் போய்ச் சேர்வது, 1869இல் மடுல்சீமை இலை இங்கிலாந்துக்குப் போனதைவிடக் கஷ்டமாகத் தெரியலாம். உண்மையில் அவ்வளவு கஷ்டமில்லை. ஆடு திடீரென்று செத்து, துவாரங்களில் இரத்தம் வடிந்தால் கத்தியை எடுக்கக் கூடாது, கறியும் வேண்டாம், தோலும் வேண்டாம். உடனே பிரதேச மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்கிறபடி முழுதாக எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். மெதுவாக மெலிந்து செத்த ஆடு என்றால், வைத்தியர் வந்து குடலில் சில துண்டை எடுத்து, அதைப்போல் பத்து மடங்கு ஃபோர்மலினில் போட்டால் போதும். அழுகாது. பஸ்ஸில் போகலாம், இரண்டு நாள் பிந்தியும் போகலாம்.

அறிக்கை வந்தால் அதைக் கவனமாக வாசியுங்கள். 'காணப்படவில்லை' என்று இருந்தால், எந்தச் சாயம் போட்டீர்கள், எத்தனை இடத்தில் எடுத்தீர்கள், வேறு முறையில் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மந்தையில் இன்னும் நாலு ஆடு நிற்கிறதே, அவற்றை வைத்திருப்பதா விற்பதா என்ற முடிவு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.